வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் படம் உருவாக்குவது குறித்து மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒளியைப் பற்றியே கேட்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறேன். விளம்பரப் படங்களுக்காகச் செயலிக்கு எழுதித் தரும் விவரிப்பில், அதாவது பிராம்ப்டில், ‘அழகான வெளிச்சம்’, ‘சினிமா போன்ற வெளிச்சம்’ என்று தவறாமல் எழுதுகிறேன். ஆனாலும் எல்லாப் படங்களும் ஒரே மஞ்சள் பளபளப்பில் வருகின்றன. வேறு எப்படி எழுத வேண்டும்?
– ஒரு வாசகி, தெற்கு மாசி வீதி, மதுரை

இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான படங்களையும், அவற்றோடு இணையத்தில் இருந்த விளக்க வாசகங்களையும் சேர்த்துப் பயின்றவை. ‘அழகான வெளிச்சம்’ என்ற வாசகம் பனிமலைப் படத்தின் கீழும் இருந்திருக்கும், திருமண ஆல்பத்தின் கீழும் இருந்திருக்கும். ஆகவே அது எந்தவொரு ஒளியையும் சுட்டாமல், அதிகம் பாராட்டப்பட்ட படங்களின் பொதுச் சாயலான அந்தி மஞ்சளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சமையற்காரரிடம் ‘ருசியாக ஒரு குழம்பு வையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் அவர் வழக்கமாக வைக்கும் குழம்பைத்தான் வைப்பார். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒளிக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை, அது எதிலிருந்து வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதன் வழியாக வருகிறது, எதன் மேல் விழுகிறது, விழாத இடம் எப்படி இருக்கிறது என்பவையே. உங்கள் பிராம்ப்டை இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘சுண்ணாம்பு அடித்த பழைய வீட்டின் முன்கட்டில், நடுவயதுப் பெண் ஒருவர் தரையில் அமர்ந்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுங்குடி முடிச்சுப் போடுகிறார், காலை ஒன்பது மணி வெயில் இடப்பக்கத்துக் கம்பிச் சன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே விழுகிறது, கம்பிகளின் நிழல் துணியின் மேல் வரிவரியாகக் கிடக்கிறது, அவர் முகத்தின் வலப்பக்கம், சுவரில் பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியில் மட்டும் தெரிகிறது.’ இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பக்கவாட்டு ஒளியைக் கேட்பதற்கு உங்கள் தொழிலிலேயே காரணம் இருக்கிறது. சுங்குடியின் முடிச்சுப் புள்ளிகள் துணியில் சற்றுப் புடைத்து நிற்பவை. ஒளி நேர் எதிரே இருந்து விழுந்தால் அந்தப் புடைப்பு மறைந்து, அச்சடித்த புள்ளி போலத் தட்டையாகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தி மஞ்சளில் சிவப்புச் சேலை ஆரஞ்சாகவும் நீலச் சேலை அழுக்காகவும் தெரியும். ஆகவே நிறம் முக்கியமான படத்துக்கு ‘மேகம் மூடிய பகல், நிறம் ஏறாத வெண்மையான ஒளி’ என்று எழுதுங்கள். விற்கப்போகும் சேலையை மட்டும் செயலியிடம் கேட்காமல் நேரில் படம் எடுத்துப் போடுவதே நியாயம். பின்னணிக்கும் சூழலுக்கும் செயலி போதும்.

கேள்வி: ஹார்ட் லைட், சாஃப்ட் லைட் என்பவை வெளிச்சத்தின் அளவைக் குறிக்கின்றனவா?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

இல்லை, நிழலின் விளிம்பைக் குறிக்கின்றன. ஒளி தரும் பொருள், ஒளி விழும் இடத்திலிருந்து பார்க்கச் சிறியதாக இருந்தால் நிழல் வெட்டினாற்போல் விழும். பெரியதாக இருந்தால் விளிம்பு கரைந்துவிடும். சூரியன் உண்மையில் மாபெரும் கோளமாக இருந்தாலும் வானத்தில் அரைப் பாகை அகலத்துக்கே தெரிவதால் அதன் ஒளி ஹார்ட் லைட். அதையே மேகம் மூடும்போது முழு வானமும் விளக்காகிவிடுவதால் அது சாஃப்ட் லைட். ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையைப் பாருங்கள். தாழ்ந்த வெயிலில் பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரியும். மழை மேகத்தின் கீழ் மலை முழுவதும் ஒரே சாம்பல் திட்டாகிவிடும். செயலியிடம் இந்தப் பெயர்களோடு ‘கூர்மையான விளிம்புள்ள நிழல்’ அல்லது ‘விளிம்பு கரைந்த நிழல்’ என்பதையும் சேர்த்து எழுதினால் குழப்பம் குறையும்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியைப் பள்ளி ஆண்டு மலருக்காக உருவாக்க முயன்றேன். என்ன எழுதினாலும் அந்திச் சூரியன் பின்னால் நிற்கிறது. இதை எப்படித் தவிர்ப்பது?
– ஓவிய ஆசிரியர், மேலூர்

‘திருவிழா’, ‘ஆறு’, ‘பெருங்கூட்டம்’ ஆகிய மூன்றும் ஒன்றாக வரும்போது செயலி தான் அதிகம் கண்ட அந்திக் காட்சிக்கே சாய்கிறது. ‘அந்தி வேண்டாம்’ என்று எழுதுவதால் பெரும்பாலும் பயனில்லை. பல செயலிகளில் மறுப்பைவிட அந்தி என்ற சொல்லே வலுவாக வேலை செய்துவிடும். வேண்டாததை விலக்க நினைப்பதைவிட, அந்த நேரத்தில் ஆற்றில் உண்மையாக என்ன ஒளி இருக்கிறது என்பதை நிரப்பி எழுதுவதே வழி.

கள்ளழகர் வைகையில் இறங்குவது சித்ரா பௌர்ணமியன்று விடியற்காலையில். அப்போது அங்கே மூன்று ஒளிகள் இருக்கின்றன. முதலாவது, சூரியன் எழுவதற்கு முன்பு வானம் முழுவதிலுமிருந்து இறங்கும் நீலம் கலந்த ஒளி; இது நிழலே இல்லாத மெல்லிய ஒளி. இரண்டாவது, தீப்பந்தங்களின் செம்மஞ்சள் ஒளி. இது அருகில் இருப்பவர்களின் முகத்தை மட்டும் பற்றும். மூன்றாவது, கரையிலும் பாலத்திலும் உள்ள மின்விளக்குகளின் வெண்மை. இவற்றில் எது முதன்மை என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மூன்றுக்கும் சம இடம் கொடுத்தால் படம் கலங்கிவிடும். ஓவியருக்கு என் பரிந்துரை, நீல வானொளியை முதன்மையாக வைத்து, பந்தங்களின் ஒளியைக் குதிரை வாகனத்தைச் சுற்றி மட்டும் வைப்பது. மின்விளக்குகள் தூரத்துப் புள்ளிகளாக இருந்தால் போதும்.

நிலாவையும் நினைவில் வையுங்கள். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது. ஆகவே கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அது மேற்கே தாழ்ந்திருக்கும். செயலி பெரும்பாலும் முழு நிலாவையும் விடியலின் செம்மையையும் வானத்தின் ஒரே பக்கத்தில் வைத்துவிடும். கிழக்கு நோக்கிய காட்சி என்றால் ‘நிலா படத்தில் இல்லை’ என்று எழுதுவதற்குப் பதிலாக நிலாவைப் பற்றி எழுதாமலே விடுங்கள்.

தங்கக் குதிரை வாகனத்துக்குத் தனியாக ஒரு வரி தேவைப்படும். மெருகேற்றிய உலோகம் தன்மேல் விழும் ஒளியைவிடத் தன்னைச் சுற்றியுள்ளவற்றின் பிம்பத்தால்தான் தெரிகிறது. ‘பளபளக்கும் தங்கம்’ என்று எழுதினால் மஞ்சள் பிளாஸ்டிக் போல வரலாம்; ‘தங்கத்தின் மேற்பகுதியில் வெளிர்நீல வானமும், கீழ்ப்பகுதியில் கூட்டத்தின் இருண்ட உருவங்களும், இடையிடையே பந்தச் சுடர்களும் பிரதிபலிக்கின்றன’ என்று எழுதினால் உலோகம் உலோகமாகும். அழகர் பச்சைப் பட்டு உடுத்தியிருப்பதாக வைத்தால், பந்தத்தின் செம்மஞ்சள் படும் இடத்தில் பச்சை மங்கிப் பழுப்பாகத் தெரியும் என்பதையும் குறிப்பிடலாம்.

உங்கள் மாணவர்களுக்கு இன்னொரு செய்தியும் உதவும். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் மத்தியிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிப் பொழுதில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. சித்திரை நண்பகலைக் கேட்கும்போது ‘நிழல் காலடியிலேயே ஒடுங்கியிருக்கிறது; புருவத்தின் நிழலில் கண்குழிகள் இருண்டிருக்கின்றன; வெண்சுவரிலிருந்து திரும்பும் ஒளி முகவாயைக் கீழிருந்து தொடுகிறது’ என்று எழுதினால்தான் அது நம் ஊர் நண்பகலாக இருக்கும். அதே காரணத்தால் நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு மேலே கடைசி ஆறு பாகையைக் கடக்க ஏறத்தாழ 25 நிமிடமே ஆகும். லண்டனில் மார்ச் மாதத்தில்கூட அதற்கு 40 நிமிடத்தை ஒட்டி ஆகிவிடும். இணையத்தில் ‘கோல்டன் ஹவர்’ (சூரியன் தாழ்ந்திருக்கும் பொன்னொளி நேரம்) என்று நீட்டி முழக்கப்படும் ஒளி பெரிதும் அந்த ஊர்களின் ஒளிதான்.

கேள்வி: தூங்கா நகரத்து இரவுக் கடையைக் கேட்டால், வானம் மட்டும் கருப்பாகவும் தெரு முழுவதும் பகல்போலவும் வருகிறது. இருட்டே வராதா?
– பரோட்டாக் கடை உரிமையாளர், சிம்மக்கல்

இதற்கு ஓரளவு இயந்திரத்தின் உட்கட்டமைப்பே காரணமாக இருந்திருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, படம் உருவாக்கும் மாதிரிகள் (மாடல்கள்), படத்தின் மேல் படிப்படியாக இரைச்சலை, அதாவது ஒழுங்கற்ற புள்ளிச் சிதறலை, சேர்த்துவிட்டு, பின்னர் அதை நீக்கப் பழகுவதன் மூலம் பயிற்சி பெறுகின்றன. தொடக்ககாலப் பதிப்புகளில் இரைச்சல் சேர்க்கும் கடைசிப் படியிலும் படம் முழுமையாக அழியவில்லை. அதன் சராசரி வெளிச்சத்தின் தடயம் சிறிதளவு எஞ்சியிருந்தது. ஆனால் புதிய படத்தை உருவாக்கும்போது வெறும் இரைச்சலிலிருந்து தொடங்குவதால், அந்த இரைச்சலின் நடுத்தர வெளிச்சத்தையே மாதிரி பற்றிக்கொண்டது. அதனால் மிகவும் இருண்ட படமோ மிகவும் வெளிறிய படமோ எளிதில் வரவில்லை. 2023இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து தீர்வும் எழுதினார்கள். பின்னர் வந்த மாதிரிகளில் இந்தக் குறை பெருமளவு குறைந்துவிட்டது. பழைய மாதிரியை வைத்திருந்தால், பிராம்ப்டை எவ்வளவு திருத்தினாலும் முழு இருட்டு வராமல் போகலாம்.

புதிய மாதிரியிலும் ‘இருட்டு’ என்று மட்டும் எழுதுவது போதாது. இரவு தெரிவதற்கு ஒரு விளக்கு வேண்டும். ‘கல்லுக்கு மேலே தொங்கும் ஒரே ஒரு வெண்ணிற எல்இடி பல்பு, அதன் ஒளி கல்லையும் மாஸ்டரின் கைகளையும் நன்றாகக் காட்டுகிறது, பெஞ்சில் அமர்ந்திருப்பவர்கள் பாதி தெரிகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் தெரு கருமையில் மறைந்துவிடுகிறது, படத்தின் பெரும்பகுதி கருப்பு’ என்று எழுதுங்கள். சிறிய விளக்கின் ஒளி, தொலைவு இரண்டு மடங்காகும்போது நான்கில் ஒரு பங்காகவும் மூன்று மடங்காகும்போது ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைவது இயற்பியல். செயலி அதைக் கணக்கிடாது. ஆகவே எது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை வரிசைப்படி நீங்களே எழுதிவிட வேண்டும். கடை இருபது ஆண்டுகளுக்கு முந்தையது என்று காட்ட விரும்பினால், தெருவிளக்கை ஆரஞ்சு நிற சோடியம் விளக்காக்குங்கள். அந்த ஒன்றே காலத்தைச் சொல்லிவிடும்.

கேள்வி: மல்லிகைப்பூக் குவியலைக் கேட்டால் பஞ்சு மூட்டை போல வருகிறது.
– பூ வியாபாரி, மாட்டுத்தாவணி

வெள்ளைப் பொருளின் மேல் முன்பக்கத்திலிருந்து வலுவான ஒளி விழுந்தால் விவரங்கள் எல்லாம் கரைந்துவிடும். மல்லிகையின் உருவம் அதன் நிழலில்தான் இருக்கிறது. ஒளியைப் பின்பக்கமாகவோ சாய்ந்த பக்கவாட்டிலோ வையுங்கள், ‘இதழ்களை ஊடுருவும் ஒளியில் மொக்குகளின் விளிம்பு ஒளிர்கிறது, மொக்குகளுக்கு இடையே பசுமை கலந்த மெல்லிய நிழல்’ என்று எழுதுங்கள். பின்னணி வெள்ளையாக இருக்கக் கூடாது; ஈரச் சாக்கு, மூங்கில் கூடை, கருத்த சிமெண்டுத் தரை ஆகியவை பொருந்தும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தடித்த, உருண்ட மொக்கைச் செயலி தானாக வரையாது என்பதால் மொக்கின் உருவத்தையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். 3200 கெல்வின், 45 பாகையில் சாஃப்ட்பாக்ஸ், எஃப் 2.8 என்று எனக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் எழுதினால் துல்லியமாக வருமா?
– ஓய்வுபெற்ற ஒளிப்படக்காரர், உசிலம்பட்டி

உங்கள் அறிவு பயன்படும். உங்கள் எண்கள் அந்த அளவுக்குப் பயன்படா, ஐயா. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு. மெழுகுவர்த்தி ஏறத்தாழ 1900 கெல்வின், இழைப் பல்பு 2700 முதல் 3200 வரை, நண்பகல் வெயில் 5500ஐ ஒட்டி, நிழலில் உள்ள வானொளி 7000க்கு மேல் என்பது கேமராவுக்குச் சட்டம். செயலிக்கோ அந்த எண் ஒரு சொல் மட்டுமே. 3200க்கும் 3600க்கும் இடையே அது வேறுபாடு காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ‘இழைப் பல்பின் மஞ்சள் ஒளி’ என்றால் காட்டும். அவ்வாறே, லென்ஸின் துளை அளவைக் குறிக்கும் எஃப் 2.8 என்பது பின்னணி கலங்கிய படங்களை நினைவூட்டும் அடையாளமாகவே வேலை செய்கிறது.

ஆனால் சாஃப்ட்பாக்ஸ் (விளக்கொளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி), குடை, ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பும் பலகை), ரிம் லைட் (பின்னாலிருந்து விளிம்பை ஒளிரச் செய்யும் ஒளி) போன்ற சொற்கள் ஒளிப்படக்காரர்கள் தங்கள் படங்களுக்குக் கீழே எழுதிவைத்த விளக்கங்களில் நிறைய இருப்பதால் நன்றாகவே பிடிபடுகின்றன. ரெம்பிராண்ட் லைட்டிங் என்றால், 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியரின் உருவப்படங்களில் காணப்படுவதுபோல, நிழல் பக்கத்துக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய ஒளி முக்கோணம் வரும். சில வேளைகளில் முக்கோணத்தோடு பழைய ஓவியத்தின் பழுப்பு நிறமும் தொப்பியும் சேர்ந்து வந்துவிடுவது உண்டு. அப்போது பெயரை எடுத்துவிட்டு, முக்கோணத்தை மட்டும் விவரியுங்கள்.

கேள்வி: திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு இடையே ஒளிக்கற்றைகள் இறங்க வேண்டும். எப்படிக் கேட்பது?
– சுற்றுலா வழிகாட்டி, மதுரை

காற்றில் ஏதாவது மிதந்தால்தான் கற்றை கண்ணுக்குத் தெரியும். தூசி, புகை, பனி ஆகியவற்றின் துகள்கள் ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்பாவிட்டால், ஒளி நம்மைக் கடந்து செல்வதை நாம் பக்கவாட்டிலிருந்து காண இயலாது. ஆகவே காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்: ‘பெருக்கும்போது எழுந்த மெல்லிய தூசி’, ‘சாம்பிராணிப் புகை’. பின்னணி இருண்டிருக்க வேண்டும் என்பதும் அவசியம்; வெளுத்த தூணுக்கு முன்னால் கற்றை தெரியாது. செயலிகளுக்கு இந்தக் கற்றைகளின் மேல் தீராத ஆசை உண்டு, கேட்காமலே தருகின்றன. 1636இல் கட்டப்பட்ட அந்த மகாலுக்கு என் பரிந்துரை, கற்றையைக் குறைத்து, முற்றத்து வெயில் தரையில் பட்டுத் திரும்பி வளைவுகளின் அடிப்பகுதியை ஒளிரச் செய்வதை எழுதுவது. அலங்கார வேலைப்பாடு அந்தத் திரும்பும் ஒளியில்தான் மெதுவாகத் தெரியும். கற்றையும் தூசியும் உண்மையாகவே பொருந்தும் இடம் அலங்காநல்லூர் வாடிவாசல். அங்கே வெயிலைக் காளைக்குப் பின்னால் வைத்தால் புழுதியே விளக்காகிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகளைக் கேட்டால் முகம் வெளுத்து வருகிறது. ‘கருமை நிறம்’ என்று எழுதினால் முகமே தெரியாமல் போகிறது.
– வேளாண் அலுவலர், வாடிப்பட்டி

இந்தச் சிக்கலுக்கு ஒளிப்படத்தின் வரலாற்றில் வேர் இருக்கிறது. வண்ணப்பட ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் வழங்கிய ‘ஷெர்லி கார்டு’களில் நீண்ட காலம் வெள்ளைநிறப் பெண்களின் படங்களே இருந்தன, கருநிறத் தோல் சரியாகப் பதிவாகிறதா என்பது அளவுகோலாக இருக்கவில்லை. அப்படி எடுக்கப்பட்ட படங்களும் அழகுக்காக முகம் வெளுப்பாக்கப்பட்ட விளம்பரங்களும் நிறைந்த குவியலில் பயின்ற இயந்திரம், ‘பிரகாசமான வெளிச்சம்’ என்றதும் தோலையும் சேர்த்து வெளுக்கிறது.

தீர்வு, தோலின் நிறத்தையும் ஒளியையும் தனித்தனியாக எழுதுவதே. கருநிறத் தோலில் ஒளி பரவுவதைவிட மினுங்கலாகத்தான் அதிகம் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டுவதால் முகம் தெரியாது, பெரிய, மெல்லிய ஒளியைப் பக்கவாட்டில் வைப்பதால் தெரியும். ‘ஆழ்ந்த பழுப்பு நிறத் தோல், அதன் நிறம் மாறாமல், மேகமூட்டமான வானத்தின் அகன்ற ஒளி இடப்பக்கமிருந்து, கன்ன எலும்பிலும் நெற்றி வியர்வையிலும் வெளிர் மினுங்கல், பின்னணி, முகத்தைவிடச் சற்று வெளிச்சமான நாற்றங்கால்’ என்பது போன்ற வாசகம் உதவும். ‘பளிச்’, ‘ஒளிரும் முகம்’ ஆகியவற்றை முற்றிலும் தவிருங்கள்.

கேள்வி: தமிழிலேயே எழுதலாமா?
– இல்லத்தரசி, திருமங்கலம்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில் தாராளமாக எழுதலாம். அவை தமிழைப் புரிந்துகொண்டு படமாக்குகின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் 77 டோக்கன்களுக்கு (சொற்களுக்கு அல்லது சொல் துண்டுகளுக்கு) மேல் படிப்பதில்லை. ஆங்கிலத்துக்காக அமைந்த அந்த முறையில் தமிழ்ச் சொல் துண்டு துண்டாக உடைவதால், இரண்டு வரிகளுக்குள் இடம் தீர்ந்துவிடும். அங்கே மட்டும் ஆங்கிலமே நடைமுறைக்கு ஏற்றது.

கேள்வி: சொன்னதையெல்லாம் எழுதியும், ஒருவரின் நிழல் இடப்பக்கமும் அருகில் நிற்பவரின் நிழல் வலப்பக்கமும் விழுகின்றன. ஏன்?
– அச்சக வடிவமைப்பாளர், செல்லூர்

செயலி ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படம் போடுவதில்லை. நிழல் பொதுவாக எப்படித் தோன்றும் என்பதை மட்டும் பின்பற்றுகிறது. முதலில் உங்கள் பிராம்ப்டில் முரண்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘அந்தி வெயில்’, ‘ஸ்டுடியோ லைட்டிங்’, ‘நியான்’ மூன்றும் ஒரே வாசகத்தில் இருந்தால் குற்றம் செயலியுடையது அன்று. ஒரே முதன்மை ஒளியை வைத்து, ‘எல்லா நிழல்களும் வலப்பக்கம் நீண்டு விழுகின்றன’ என்று நிழலின் திசையை வெளிப்படையாக எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால், நிழல் உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தச் சொல்லலாம். அல்லது 2024இல் வெளிவந்த ஐசி-லைட் போன்ற, ஏற்கெனவே உள்ள படத்தின் ஒளியை மட்டும் மாற்றும் கருவியைப் பயன்படுத்தலாம். அச்சுக்குப் போகும் படம் என்றால் நிழல்களோடு கண்மணிகளில் தெரியும் ஒளிப்புள்ளியையும் பெரிதாக்கிப் பாருங்கள். இரு கண்களிலும் புள்ளி ஒரே பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த முகத்தை மீண்டும் உருவாக்கச் சொல்லுங்கள்.